செய்தியோடை

புதியது ஏதேனும் வெளிவந்ததா என்றறிய நாள்தோறும் பத்து இணையத்தளங்களைத் திறந்து பார்ப்பது வீண் உழைப்பன்றோ? தளங்கள் பல, தம் புதிய பதிவுகளின் தலைப்பையும் நாளையும் இணைப்பையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. அதுவே செய்தியோடை. ஓடைபடிப்பான் என்னும் செயலி அக்கோப்புகளை அவ்வப்போது நோக்கி, புதியனவற்றை நம்முன் வைக்கும்.

ஓடை வடிவங்களுள் பெயர்பெற்றதான ஆர்.எஸ்.எஸ். 1999-இல் தோன்றியது. 2000-இல் அதன் மறுவடிவை வகுத்த குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் 14 வயதுச் சிறுவரும் இருந்தார். உங்களுள் பலரினும் இளையவர்!

சமூக ஊடகத்தில் எது முன்னே வரவேண்டும் என்பதை நிறுவனத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. ஓடையிலோ நீங்கள் தேர்ந்த தளங்களே வரும்; நான் இதனையே விரும்புவேன். கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டபோதும், பயனர்கள் தம் தளப்பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு படிப்பான்களுக்குச் சென்றனர்.