கூட நடந்து சொல்பவர்

அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தால் கால் கடுக்கும், கண் அயரும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் இந்தச் சோர்வைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தாழ்வான பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே காட்டினார். பார்வையாளர்களுக்குக் காட்சிப்பொருட்களை விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகளை 1907-இல் அங்கே கொண்டுவந்ததும் அவர் முயற்சிதான்.

இந்த வழிகாட்டி வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு வரலாறு, தொல்லியல் படிப்பு உதவும். ஆனால் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் ஒப்பிப்பது வழிகாட்டுவது ஆகாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். அவர் முன்னே பிள்ளைகளை நிறுத்தி, "எந்தக் கால் தூக்கியிருக்கிறது? எந்தக் கை அதைச் சுட்டுகிறது? கீழே கிடப்பது யார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அந்தப் பொறுமைதான் கடினம். எனக்கு அதுவே முதல் தகுதி என்று தோன்றுகிறது. நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். சோழர் காலம், வெண்கல வார்ப்பு எல்லாம் அதன்பிறகு சொன்னால் நன்றாகவே மனத்தில் ஏறும்.

எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் பிள்ளைகளோடு போய்வாருங்கள்.