மெல்ல வளரும் செல்வம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். பத்தாம் வகுப்போடு நின்று, சரக்கு ரசீதுகளோடு காலம் கழிக்கும் ரயில்வே எழுத்தரிடம் அதனை எதிர்பார்த்தல் ஆகாது என்று செயலாளரிடம் முன்னரே கூறினோம். “உங்கள் குழந்தையைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். பேசுகிறோம்.

பதினாறு மாதங்களுக்கு முன் எங்களுக்குப் பிறந்த பெண்மகவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலை உண்டு. கரக்பூர்க் காலனியில் பலர் இதை அறிவர். அறிந்தும் கேட்கத் தயங்குவர். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருத்தல் இயல்பு. இக்குழந்தைகளுக்கு 21ஆம் எண்ணுடையது இரண்டுக்கு மூன்றாகி, மொத்தம் 47 ஆகிவிடுகிறது. லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866இல் இதன் அடையாளங்களை எழுதினார். காரணம் 1959இல் பிரான்சில் வெளியாயிற்று. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததோ, பப்பாளி தின்றதோ காரணமன்று. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகும் என்பது மெய். எனினும் இளந்தாயர்க்கும் இவ்வாறு பிறப்பதுண்டு. பெரும்பாலும் இது குலவழி வருவதன்று. சிறுபான்மை வகையொன்று மட்டும் பெற்றோர் வழி வரக்கூடும். குரோமோசோம் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். “மூத்தவளுக்கு வரன் அமையுமா?” என்று கேட்டவர்க்கு, அவ்வகை அன்று எனக் கூறும் அந்தத் தாளையே காட்டினோம்.

பிறந்த இடத்தில் ஒருவர், “இது தேறாது” என்று கைவிரித்தார். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். எக்கோ எடுத்தாலன்றித் தெளிவாகத் தெரியாது. எங்கள் குழந்தைக்கும் இருந்தது. ஆறாம் மாதம் கொல்கத்தாவில் அறுவை நடந்தது. தைராய்டு, செவி, கண் ஆகியவற்றையும் காலந்தோறும் பார்க்க வேண்டும்.

பால் குடிப்பதே முதற்போர். உடல் துவளும், நாக்கு முன்தள்ளும், நான்கு மிடறு குடித்ததும் உறங்கிவிடுவாள். பசித்தால் அழட்டும் என்று காத்திருக்க இயலாது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை உள்ளங்காலைத் தடவி எழுப்பி, தலை உயர்ந்திருக்கப் பிடித்து, மோவாயை விரலால் தாங்கிப் பாலூட்டினார் எங்கள் இல்லத்தரசியார். இயலாத வேளைகளில் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் சிறிது சிறிதாகப் புகட்டினோம்.

ஊரிலிருந்து வந்த அன்னையார் குழந்தையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதில் கைதேர்ந்தவர். கைகால்களை இழுத்து முறுக்குவதும், கழுத்தைத் திருப்புவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் மட்டும் வேண்டா என்று வேண்டிக்கொண்டோம். மூட்டுகள் தளர்ந்தவை, கழுத்தும் உறுதி குறைந்தது. அன்னையாரின் முகம் வாடியது. “ஆறு பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை இது” என்றார். ஆயினும் மறுநாள் முதல் பூவைத் தொடுவதுபோலவே தொட்டார். விழித்திருக்கும் பொழுதில் குப்புறக் கிடத்தி எதிரே கிலுகிலுப்பையை ஆட்டுவதும் அவர் பொறுப்பாயிற்று.

மொழியைப் பற்றி இந்தச் சங்கத்தில் சொல்லாமல் எங்கே சொல்வது? பயிற்சியாளர் ஒருவர், “இரு மொழி குழப்பும், வீட்டிலும் இந்தியே பேசுங்கள்” என்றார். ஆராய்ந்தோர் அவ்வாறு கூறவில்லை. இருமொழிச் சூழலில் வளர்வதால் இக்குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே கண்டுள்ளனர். ஆகவே வீட்டில் தமிழ். வாசலில் வங்காளமும் இந்தியும். பேச்சு தாமதமாகத்தான் வரும். பொருள் முன்னரே விளங்கும். “போதும்” என்று சொல்லிக் கையசைத்துக் காட்டினோம். இப்பொழுது அவளே கையசைத்துக் கிண்ணத்தைத் தள்ளுகிறாள். பற்றிக்கொண்டு நிற்கிறாள்; இத்தகையோர் பலர் இரண்டு வயதையொட்டியே நடக்கின்றனர். “மங்கோலியக் குழந்தை” என்பார் இன்னும் சிலர் உளர். அச்சொல்லை உலக சுகாதார நிறுவனம் 1965இலேயே கைவிட்டது, நாமும் கைவிடலாம்.

2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்த்ய காரியக்கிரம் திட்டத்தில் இந்நிலையும் சேர்ந்துள்ளது. அதன்கீழ் அமைந்த மாவட்ட மையங்களில் கட்டணமின்றிப் பயிற்சி உண்டு. ஊழியர்க்கு ஒரு செய்தி: மாற்றுத்திறனுடைய பிள்ளையைப் பேணுவோர் வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம் என மைய அரசு 2014இல் ஆணையிட்டுள்ளது, நிர்வாக வசதிக்கு உட்பட்டே கிடைக்கும்.

ஞாயிறு மாலைகளில் நாங்கள் வீட்டிலேயே இருப்போம். இத்தகைய குழந்தையுடையார், எம்மொழியினராயினும், வரலாம். எக்கோவுக்கு எங்கே செல்வது, சான்றிதழுக்கு எந்தப் படிவம் என்பனவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளோம்.