எடுப்பது எளிது, காப்பது அரிது

(மட்டாஞ்சேரியில் நடந்த நம் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிஜிட்டல் யுகத்தில் சினிமாவும் டிவியும் பாட்டும் எப்படி மாறிவருகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் சினிமாக்காரன் அல்ல. பௌதிகம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே முதலில் ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறேன்.

பழைய முறையில் விநாடிக்கு 24 படங்கள் வீதம் பிலிமில் பதிவாகும். 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. இது ஒரு தியேட்டருக்குப் போகும் ஒரே ஒரு பிரதியின் நீளம். படப்பிடிப்பில் செலவாகும் பிலிம் இதைப் போலப் பல மடங்கு. படப்பெட்டி வந்தால்தான் ஆட்டம். டிஜிட்டலில் காட்சியும் ஒலியும் எண்களாகிவிடுகின்றன. எண்ணுக்கு எடை கிடையாது. நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசமும் கிடையாது. இன்று நாம் காணும் மாறுதல்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்தவைதான்.

முதல் மாறுதல், படம் எடுப்பது எளிதாயிற்று. 2004இல் பி.சி. ஸ்ரீராம் 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டல் காமிராவில் எடுத்தார். 2006இல் 'மூந்நாமதொராள்' என்ற மலையாளப் படம் பெட்டி இல்லாமல் செயற்கைக்கோள் வழியாகத் தியேட்டர்களுக்குப் போயிற்று. 2020இல், கொரோனா முடக்கத்தின்போது, மகேஷ் நாராயணன் 'சி யூ சூன்' படத்தை செல்போனிலேயே எடுத்தார். கதை முழுவதும் கம்ப்யூட்டர் திரையிலும் போன் திரையிலும் நடக்கிறது. அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை, நேராக வீட்டுக்கு வந்தது.

இரண்டாவது மாறுதல், ஜனங்களிடம் போய்ச் சேருவது எளிதாயிற்று. ஒரு காலத்தில் சினிமாப் பாட்டு நம்மிடம் வர ரேடியோ வேண்டும், அல்லது தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' வேண்டும். எதைப் போடுவது என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள். 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு, ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்யும் காட்சியோடு யூடியூபில் வந்து உலகமெல்லாம் சுற்றியது. '3' என்ற அந்தப் படம் வந்தது அடுத்த வருஷம்தான்.

நம் கொச்சியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2017இல் 'ஜிமிக்கி கம்மல்' பாட்டுக்கு இங்குள்ள ஒரு கல்லூரியின் ஆசிரியைகளும் மாணவிகளும் ஓணத்துக்காக ஆடிய வீடியோ, படத்தில் உள்ள காட்சியைவிட அதிகமாகப் பேசப்பட்டது. அர்த்தம் தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் குழந்தைகள் அதற்கு ஆடின. மறு வருஷம் 'காற்றின் மொழி' என்ற தமிழ்ப் படத்தில் ஜோதிகாவும் அந்தப் பாட்டுக்கு ஆடினார். சினிமாவைப் பார்த்து ஜனங்கள் ஆடியது போய், ஜனங்கள் ஆடியதைப் பார்த்து சினிமா ஆடிற்று!

நம்மைப் போல் இரண்டு பாஷைக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு சந்தோஷமும் உண்டு. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. 2024இல் நம் ஏலூர்ப் பக்கத்து மஞ்ஞும்மல் இளைஞர்களின் கதையான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் மலையாளத்திலேயே அமோகமாக ஓடியது. வீட்டில் சப்டைட்டிலோடு படம் பார்த்துப் பழகியதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலை 'ராமாயணம்' வந்தபோது டிவி உள்ள வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியது. இப்போது நாலு பேர் உள்ள வீட்டில் நாலு திரை. அவரவர் காதில் அவரவர் பாட்டு. எல்லோருக்கும் விருப்பப்பட்டது கிடைக்கிறது, ஆனால் சேர்ந்து சிரிக்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது விஷயம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எடுப்பது எளிதான அளவுக்குக் காப்பது எளிதாகவில்லை. சற்று முன் சொன்ன 'பாலன்' படத்தின் பிரதி இன்று இல்லை. இந்த மட்டாஞ்சேரி வட்டாரம் கொண்டாடிய பாடகர் மெஹபூப், 1954இல் 'நீலக்குயில்' படத்தில் பாடியவர், கல்யாண வீடுகளிலும் நண்பர்கள் கூட்டத்திலும் எத்தனையோ பாடினார். 1981இல் காலமானார். அவர் பாடிய இரண்டு பழைய பாட்டுகளை 2013இல் 'அன்னயும் ரசூலும்' படம் மறுபடி கொண்டுவந்ததால் இளைஞர்களுக்கும் அவை தெரிந்தன. பதிவாகாமல் கல்யாணப் பந்தலோடு போனவை போனவைதான்.

நம் ஆத்துப் பாட்டிமார்களின் நலங்குப் பாட்டும், ஊஞ்சல் பாட்டும், சம்பந்தி கேலிப் பாட்டும் இதே நிலையில்தான் இருக்கின்றன. பாடத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்கள் நிறைந்திருக்கின்றன, பாட்டியின் குரல் இல்லை. இருந்தாலும், போன் கெட்டால் அதோடு போய்விடும். கல்யாண வீடியோ காஸெட்டுகளோ கேரளத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன.

ஆகவே எந்த ஊரில் இருக்கும் அங்கத்தினர்களானாலும் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய காஸெட்டுகளைச் சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில், பிள்ளையிடமோ பெண்ணிடமோ இருக்க வேண்டும். யார் பாடியது, எந்த வருஷம், எந்தச் சந்தர்ப்பம் என்று எழுதியும் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சாசுவதம் அல்ல. சில வருஷத்துக்கு ஒரு முறை புதியதற்கு மாற்ற வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2024இல் 'லால் சலாம்' படத்தில் காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார்கள். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, உரிய சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். அது முறை. அதே வருஷம் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலைக் கேட்டோம். இதே வகை வித்தை கெட்டவர் கையிலும் இருக்கிறது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், ஓய்வு பெற்ற ஒருவருக்கு, பழைய சக ஊழியரின் முகமும் குரலுமாக வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்கவே 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். பிறகுதான் அது பொய் முகம் என்று தெரிந்தது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இனிப் பிரமாணம் ஆகாது. யார் பணம் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பழைய நம்பரில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

புதியதைக் கண்டு பயப்பட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது பேரக் குழந்தைகளோடு ஒரே திரையில் ஒரு படம் பாருங்கள். அதே நாளில் அவர்களிடம் போனைக் கொடுத்து உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டையோ கதையையோ பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கருவி தெரியும், நமக்கு விஷயம் தெரியும். இரண்டும் சேர இன்னும் நேரம் இருக்கிறது.