பழைய எண்ணை விடும் முன்



முன்பெல்லாம் வீட்டுக்குத் தொலைபேசி வருவது பெரிய காரியம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வேண்டாம் என்றால் விடுவது எளிது. எழுதிக் கொடுத்து, கட்டிய வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கினார்கள். உறவினருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். வேலை முடிந்தது.

செல்பேசி எண் அப்படி அல்ல. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு போனது. அன்று அது பேசுவதற்கான எண். இன்று வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு எல்லாம் அதோடு கட்டிக் கிடக்கின்றன.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவரிடம் இரண்டு சிம் கார்டு. மாதந்தோறும் இரண்டு ரீசார்ஜ். ஓயாத விளம்பர அழைப்பு வேறு. பழைய எண்ணை விட்டால் நிம்மதி என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். சிம்மைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

முன்பணம் கட்டும் எண் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்து, இருப்பும் 20 ரூபாய்க்குக் குறைந்தால், நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த பின் குறைந்தது 90 நாள் அதை யாருக்கும் தருவதில்லை. டிராய் ஆணையம் சொன்ன இந்த விவரத்தை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. அதற்குப் பிறகு? அந்த எண் வேறொருவர் கைக்குப் போகலாம். அவர் திருடர் அல்ல, கடையில் சிம் வாங்கியவர். ஆனால் அந்தத் தாயின் ஓய்வூதியம் வந்த செய்தி அவருக்குப் போகிறது. பணம் எடுக்க வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும், அதாவது ஓ.டி.பி.யும், அவருக்கே போகிறது. அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம்!

பக்கத்து வீட்டு அம்மாவும் ஓர் எண்ணை விட விரும்பினார். அவர் அவசரப்படவில்லை. பழைய சிம்முக்கு வந்திருந்த செய்திகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். யார் யார் அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினார். வங்கி, இன்சூரன்ஸ், பேரனின் பள்ளி.

பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்குப் போய்ப் புது எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்து எண்ணை மாற்றினார். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றப் பேத்தி உதவினாள். முடிந்த ஒவ்வொன்றையும் நோட்டில் அடித்தார்.

அவர் கோபம் நிறுவனத்தின் மேல் மட்டும் என்றால் எண்ணையே விட்டிருக்க வேண்டாம். 1900 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். 2015 ஜூலை முதல் நாடு முழுவதும் இது நடக்கிறது. அவருக்கோ ஒரே எண் போதும் என்பதுதான் ஆசை.

எல்லாம் மாற்றிய பிறகும் பழைய சிம்மைச் சில வாரம் செல்பேசியிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் காலை அதில் ஒரு செய்தி வந்தது. எரிவாயு உருளை பதிவாகிவிட்டதாம்! அதை நோட்டில் எழுதவே மறந்திருந்தார். எழுதிக்கொண்டு, செருப்பை மாட்டி, ஏஜென்சிக்குக் கிளம்பினார்.