வெற்றிருக்கையும் கணக்கில் வரும்!

(மின்நுகர்வோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



மின்கட்டணத் தொகை தெரியவரும் நாளில் நாம் சினக்கின்றோம். தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் பேருந்திலும் அச்சினத்தைக் கொட்டித் தீர்க்கின்றோம். ஆனால், அக்கட்டணத்தை உறுதி செய்யுமுன் நம் கருத்தைக் கேட்பதற்கென்றே ஓர் அவை கூடுகின்றதே, அந்நாளில் நாம் எங்கே இருக்கின்றோம்? அடுப்படியில் இருக்கின்றோம், கடையில் இருக்கின்றோம், "நாம் ஒருவர் போய் என்ன ஆகப் போகின்றது" என்னும் சோம்பலில் இருக்கின்றோம். அவையில் நமக்கென இட்ட இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. அவ் வெற்றிருக்கைகளையும் எண்ணுகின்றவர்கள் உளர். அவற்றை நம் இசைவென்றே அவர்கள் கொள்வர். இதனைச் சொல்லவே இங்கு வந்தேன்.

முதற்கண், அவ்வவை யாருடைய அருளாலும் கூடுவதன்று என்பதை உணருங்கள். மக்கள் கருத்தை எண்ணிப் பார்ப்பதை 2003-ஆம் ஆண்டு மின்சட்டத்தின் 64-ஆம் பிரிவு கட்டளையாகவே வைத்துள்ளது. கட்டணத்தை மாற்றித் தருமாறு வேண்டும் நிறுவனம் தன் முன்மொழிவைச் சுருக்கமாக வெளியிடல் வேண்டும். மக்கள் கூறும் கருத்துகளையும் மறுப்புகளையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஆணையம் முடிவு செய்தல் வேண்டும். முன்மொழிவு கிடைத்த 120 நாள்களுக்குள் கட்டண ஆணை பிறப்பிக்கலாம். அல்லது கரணியங்களை எழுத்தில் காட்டித் தள்ளிவிடலாம். கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. நுகர்வோர் நலம் காக்கப்படல் வேண்டும், மின்னாற்றலுக்கான செலவும் நேரிய முறையில் ஈட்டப்படல் வேண்டும் என்னும் இரண்டையும் 61-ஆம் பிரிவு ஒரே நிறைகோலில் வைக்கின்றது. அக்கோலின் ஒரு தட்டில் நிறுவனம் தன் கணக்கேடுகளைக் கட்டுக்கட்டாய் ஏற்றி வைக்கும். மறுதட்டில் வைக்க வேண்டியவர்கள் நாம். நாம் ஒன்றும் வையாதிருந்துவிட்டுக் கோல் சாய்ந்தது என்று புலம்புதல் முறையாகுமா?

அண்மைய வரலாற்றைப் பாருங்கள். 18.7.2022-இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின்முன் கட்டண உயர்வுக்கான முன்மொழிவு வைக்கப்பட்டது. 16.8.2022-இல் கோவையிலும், 18.8.2022-இல் மதுரையிலும், 22.8.2022-இல் சென்னையிலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. 9.9.2022-இல் ஆணை வந்தது. மறுநாளே கட்டணம் உயர்ந்தது. நாடு முழுமைக்கும் மூன்று ஊர்கள், மூன்றே நாள்கள்!

அவ்வாணை அவ்வாண்டோடு முடிந்ததா? இல்லை. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் விலைவாசிக் குறியீட்டின் ஏற்றமோ 6 விழுக்காடோ, இவற்றுள் எது குறைவோ அவ்வளவு கட்டணம் உயர்ந்துகொண்டே போகும் என்னும் ஏற்பாடும் அதனுள் இருந்தது. அதன்படி 2023-இல் 2.18 விழுக்காடும், 2024-இல் 4.83 விழுக்காடும், 2025-இல் 3.16 விழுக்காடும் உயர்ந்தன. வீடுகளுக்குரிய உயர்வை 2023-இலும் 2025-இலும் அரசே தாங்கியது. அரசு தாங்கும் பணமும் நம் வரிப்பணமே அன்றோ? மூன்று நாள் கேட்பில் வாய் திறவாதவன் பல ஆண்டுச் சுமைக்குத் தோள் கொடுத்தவனாகின்றான்.

சரி, போனோம், எதைப் பேசுவது? இங்கு என் பிழை ஒன்றையே உங்கட்கு எடுத்துக்காட்டாக வைக்கின்றேன்.

பல்லாண்டுகட்கு முன் ஒரு நகரில் நடந்த கேட்பில் நானும் பேசினேன். குரலை உயர்த்தினேன், ஏழை எளியவர் துயரை அடுக்கினேன், அரங்கம் கைதட்டிற்று. மேடையில் இருந்தவர்கள் பொறுமையாய்க் கேட்டனர். ஒரு வரியும் எழுதிக்கொள்ளவில்லை. எனக்குப் பின் விசைத்தறி ஓட்டும் ஒருவர் வந்தார். கையில் இரண்டு கட்டணச் சீட்டுகள். "ஐயா, பழைய கட்டணத்தில் என் தறிக்கு ஆன செலவு இது, நீங்கள் சொல்லும் கட்டணத்தில் ஆகப்போவது இது, ஒரு முழத் துணிக்கு எனக்குக் கிடைக்கும் கூலி இது. இம்மூன்றையும் கூட்டிக் கழித்து, நான் எப்படித் தறி ஓட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். இரண்டு மணித்துளிகளில் அமர்ந்துவிட்டார். கைதட்டல் இல்லை. ஆனால், தலைமை தாங்கியவர் அவரைத் திரும்ப அழைத்து அத்தாள்களைக் கேட்டு வாங்கினார். அன்று நான் கற்ற பாடம் இதுதான்: கேட்பு மன்றில் உணர்ச்சி காற்றோடு போகும், கணக்கு ஏட்டில் ஏறும்.

அத்தகைய கணக்கு ஒன்றை நாமே போட்டுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு ஆணைப்படி, இரு திங்களுக்கு 500 அலகு செலவிட்ட வீட்டுக்கு முதல் 100 அலகு விலையில்லை. அடுத்த 100-க்கு அலகொன்று 2.25 உருபா, அதற்கடுத்த 200-க்கு 4.50 உருபா; இறுதி 100-க்கு 6 உருபா. ஆக 1,725 உருபா. அவ்வீடே 501 அலகு செலவிட்டால் அடுக்கே மாறிவிடுகின்றது. 2.25 உருபா என்னும் படி மறைந்து, 101 முதல் 400 வரை அனைத்தும் 4.50 உருபா ஆகின்றது. 501-ஆம் அலகுக்கு 8 உருபா. ஆக 1,958 உருபா. அந்த ஓர் அலகின் உண்மை விலை 8 உருபாவன்று, 233 உருபா!

இன்னும் கேளுங்கள். 60 நாளுக்குச் சரியாக 500 அலகு செலவிடும் வீட்டில் கணக்கெடுப்பு நான்கு நாள் தள்ளிப்போகின்றது என்று வைத்துக்கொள்வோம். அம்முறை 533 அலகும், அடுத்த முறை 467 அலகும் காட்டும். தள்ளிப்போன நாள்களுக்கேற்பத் திருத்தாவிடில், முதற்றொகை 2,214 உருபா; அடுத்தது 1,527 உருபா; கூட்டினால் 3,741. உரிய நாளில் எடுத்திருந்தால் இரு முறைக்கும் 3,450 உருபாவே. ஓர் அலகும் மிகுதியாய்ச் செலவிடாத குடும்பம் 291 உருபா இழக்கின்றது! இதனை ஒரு தாய் தன் வீட்டு அட்டையோடு அவையில் எழுந்து காட்டினால், மறுப்பார் யார்? "அடுக்கு மாறும் இடத்தில் இவ்வளவு பள்ளம் ஏன்? தள்ளிப்போகும் நாள்களுக்குத் திருத்தம் என்ன?" என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை சொல்லித்தானே ஆகவேண்டும்!

ஆகவே, தோழர்களே, இவ்வாறு செய்யுங்கள்.

அறிவிப்பு வந்தவுடன் முன்மொழிவைக் கேட்டுப் பெறுங்கள். தமிழில் தருக என்று கேளுங்கள். கட்டணம் செலுத்துகின்ற மக்களின் மொழியில் கணக்குக் காட்டச் சொல்வதில் பிழையில்லை. எழுத்தில் உள்ள மறுப்பைக் குறித்த நாளுக்குள் ஒப்படைத்து, அதன் படியையும் ஒப்புகையையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் யார், எந்தக் கூறை மறுக்கின்றீர்கள், உங்கள் கணக்கு யாது, மாற்றாக வேண்டுவது யாது என்னும் நான்கும் இருக்கட்டும். அதனையே அவையில் தமிழில் சுருங்கச் சொல்லுங்கள். ஒரே தெருவினர் பதின்மர் சென்றால் பதின்மரும் ஒன்றையே பேசாது, ஒருவர் அடுக்கினையும், ஒருவர் மின்னிழப்பையும், ஒருவர் வெளியில் வாங்கும் மின்னாற்றலின் விலையையும், ஒருவர் கடன் வட்டியையும் வினவுங்கள். ஒரு பிரிவினர்க்கு அரசு சலுகை அறிவித்தால் அத்தொகையை முன்னரே செலுத்திவிடல் வேண்டும் என்று 65-ஆம் பிரிவு கூறுகின்றது. அது செலுத்தப்பட்டதா என்றும் வினவுங்கள்.

ஆணை வெளிவந்தபின் அதனைப் படியுங்கள். மக்கள் கூறிய மறுப்புகளும், நிறுவனத்தின் மறுமொழியும், ஆணையத்தின் முடிவும் அதில் இடம்பெறும். உங்கள் வினாவுக்கு விடை உண்டா என்று தேடுங்கள். விடை தவறெனின், ஆணை கைக்கு வந்த 45 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக்கு 111-ஆம் பிரிவு வழி தருகின்றது. கேட்பில் வைத்த கணக்கே அங்கும் உங்கட்குத் துணையாகும்.

சொன்னவை அனைத்தும் நிறைவேறிவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. கேட்பு, வாக்கெடுப்பன்று, ஆணையம் நம் மறுப்பை ஏற்காமலும் போகலாம். ஆனால், ஏற்காதவர் ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டிய நிலையையேனும் நாம் உண்டாக்குகின்றோம். வராதவனுக்கு அவ்விடையும் இல்லை.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் மின்அட்டையை எடுங்கள். கடந்த ஆறு முறைக்குரிய அலகுகளையும் நாள்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கேட்பு என்று வருமோ அறியோம். என்று வரினும் அத்தாள் உங்கள் கையில் இருக்கட்டும். அன்று அவையில் உங்கள் இருக்கையில் நீங்களே அமர்ந்திருங்கள்!