அலமாரியில் ஒரு சேரி

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "ஏதோ ஆன்லைன் கோர்ஸ் முடிச்சிருக்கீங்களாமே, அதைப் பத்தியே பேசுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, ஆணவக் கொலை என்று பேசுகிற இடம் இது. இங்கே வந்து நூலகருக்கான பயிற்சி வகுப்பைப் பற்றி என்ன பேசுவது? வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பேசியாக வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. என் மேலேயே நான் வைக்கிற ஒரு குற்றச்சாட்டும் அதில் இருக்கிறது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு வாரப் பயிற்சி. பகலில் வேலை, ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு செல்போனில் பாடம். பாதி வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். மாடிப்படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல். கொசுக்கடியோடுதான் முழுப் பாடத்தையும் முடித்தேன்.

இதற்கு முன்னால் நேரடிப் பயிற்சிக்கும் போயிருக்கிறேன். அங்கே டீ குடிக்கிற நேரத்தில் ஒரு கேள்வி வரும். "சொந்த ஊர் எது?" சொன்னால் அடுத்தது: "ஊருக்குள்ளயா, காலனியா?" அதற்கப்புறம் டீ இறங்காது. இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. திரையில் பெயர் மட்டும்தான். நிம்மதியாக இருந்தது என்பது உண்மை. ஆனால் மூன்றாவது வாரத்தில் எனக்கே உறைத்தது: இது சமத்துவம் கிடையாது, மறைந்துகொள்வதால் கிடைத்த நிம்மதி. நான் வாய் திறக்காத வரைக்கும்தான் அது இருக்கும்.

அந்த மூன்றாவது வாரப் பாடம் நூல் பகுப்பு. நூலகத்தில் ஒரு புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புத்தகத்தின் முகவரி. யார் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. இடம் ஒதுக்குவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊர் எங்கே, சேரி எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை எங்கே என்று இடம் ஒதுக்கப்பட்டே வளர்ந்தவர்கள் நாம்.

எங்கள் நூலகத்தில் இருப்பது டூயி தசமப் பகுப்பு. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்டது. உலக அறிவு முழுவதையும் பத்தாக வெட்டினார். சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220 தொடங்கி 289 வரைக்கும் பைபிளும் கிறித்துவமும். மிச்சமுள்ள உலகத்துச் சமயம் எல்லாவற்றுக்கும் 290. பௌத்தத்துக்கு 294.3. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து மரபுக்கு ஒரு புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் இடம்! இந்த டூயி நடத்திய லேக் பிளாசிட் கிளப்பில் யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடமில்லை. அந்த விவகாரத்தில் 1905இல் நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக் குழு அவரைக் கண்டித்தது. அவர் பெயரில் இருந்த விருதிலிருந்து பெயரை நீக்க அமெரிக்க நூலகச் சங்கம் முடிவெடுத்தது 2019இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரன் வைத்த எண், ஆதிக்க எண் என்று மனசுக்குள் திட்டினேன். அடுத்தவரைத் திட்டுவது சுலபம். அதற்கடுத்த பாடம் என்னைத் திருப்பி அடித்தது.

டொரோத்தி போர்ட்டர் என்ற கறுப்பினப் பெண். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த அதே கொலம்பியாவில் நூலகவியல் படித்து 1932இல் முதுகலைப் பட்டம் வாங்கியவர். அந்த நூலகப் பள்ளியை 1887இல் தொடங்கியவரே டூயிதான். போர்ட்டர் 1930 முதல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களைச் சேர்த்து அடுக்கும் வேலையில் இருந்தார். மற்ற நூலகங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்று பார்க்கிறார். கறுப்பர் எழுதியது என்றால் 325 அல்லது 326. ஒன்று குடியேற்றம், இன்னொன்று அடிமைமுறை. கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூல்கூட 325இல் கிடக்கிறது. கவிதையை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது எது? எழுதியவரின் தோல். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதை கவிதையோடு, வரலாறு வரலாற்றோடு, இசை இசையோடு என்று தன் கையாலேயே அடுக்கினார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும் 325ஐக் கட்டியவள் நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நூலகக் குழுவில் சண்டை போட்டு ஓர் அலமாரி வாங்கினேன். "தனியா எதுக்கு?" என்று கேட்டார்கள். விடவில்லை. "தலித் இலக்கியம்" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அம்பேத்கர் நூல்கள், அயோத்திதாசர் சிந்தனைகள், டானியலின் 'பஞ்சமர்', பூமணியின் 'பிறகு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு' எல்லாம் அங்கே. யார் வந்தாலும் பெருமையாகக் காட்டுவேன்.

இரண்டு சம்பவம் சொல்கிறேன். ஒன்று, பொருளாதாரம் படிக்கிற ஒரு மாணவி வந்து இந்திய நாணய வரலாறு பற்றிப் புத்தகம் கேட்டாள். 332இல் பாரும்மா என்று அனுப்பினேன். போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். 1923இல் அம்பேத்கர் எழுதிய 'ரூபாயின் பிரச்சினை' பத்தடி தள்ளி என் அலமாரியில் நிற்கிறது. எனக்கே ஞாபகம் வரவில்லை! அது பொருளாதார நூல் என்பதை நானே மறந்துபோகும்படி அதைச் சேரிக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கும் அதே கதி.

இரண்டாவது இன்னும் வலிக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நம்ம பையன் ஒருத்தன். 'கருக்கு' இருக்கா என்று கேட்டான். அதோ, அந்த அலமாரி என்றேன். போகவில்லை. தயங்கி நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க மேடம். அங்க போய் நின்னா நான் யாருன்னு தெரிஞ்சுடும்."

அன்றைக்கு அவனிடம் தைரியமாக இருக்கணும் என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது. டீ நேரத்துக் கேள்விக்குப் பயந்து ஊர்ப் பெயரை முழுங்கினவள், அவனுக்குத் தைரியம் சொல்கிறேன்.

சரி, அலமாரியைக் கலைத்துவிடலாமா? இதை ஒரு தோழரிடம் கேட்டேன். சண்டைக்கே வந்துவிட்டார். "கலைச்சிடாதீங்க. பொதுவில கலந்துட்டோம்னு சொல்லித்தான் நம்ம அடையாளத்தையே காணாம அடிச்சானுங்க. பத்தாயிரம் புத்தகத்துக்கு நடுவுல நம்ம அம்பது புத்தகத்தை எவன் தேடுவான்?" அவர் சொன்னதும் நியாயம். தனியாக வைத்தால் சேரி, கலந்து வைத்தால் காணாமல் போவது. நம் அரசியலின் பழைய சிக்கல்தான் இது, அலமாரி வடிவத்தில்.

இந்தச் சிக்கலுக்கு அந்தப் பயிற்சியில் ஒரு கைவேலை கிடைத்தது. தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

புத்தகம் ஒரு பொருள். அது ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். ஆனால் அதைப் பற்றிய பட்டியல் பதிவு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். அட்டைப் பெட்டி இருந்த காலத்திலேயே ஒரு நூலுக்கு ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை என்று பல இருக்கும். இப்போது கணினியில் நூற்பதிவு போடும்போது ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு புல எண். 100 ஆசிரியர், 245 தலைப்பு, 650 பொருள். இந்த 650ஐ எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். அப்படியானால், 'ரூபாயின் பிரச்சினை' 332இல் பொருளாதார நூல்களோடு நிமிர்ந்து நிற்கட்டும். 'கருக்கு' தமிழ் இலக்கியத்துக்கான 894.811இல் மற்ற தமிழ் எழுத்தாளர்களுக்குச் சமமாக நிற்கட்டும். பதிவில் நாணயம், தன்வரலாறு, பெண்கள், கிறித்தவம், தலித்துகள், சாதி என்று பொருந்துகிற 650 எல்லாம் போடுவோம். தலித் என்று தேடுகிறவர் கண்ணுக்கு அம்பதும் ஒரே வரிசையில் வரும். தேடுவதை யாரும் வேடிக்கை பார்க்க முடியாது.

ஆனால் நடைமுறை என்ன? வேறு எங்கோ போட்ட பதிவை அப்படியே இறக்கி ஒட்டிக்கொள்கிறோம். அதில் ஒரே ஒரு பொருட்தலைப்பு இருந்தால் ஒன்றுதான். அந்தத் தலைப்புகளை வைப்பது யார்? உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றுவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலை. அதில் நம்மைக் குறிக்க முன்பு இருந்த சொல் 'தீண்டத்தகாதோர்'. இப்போது 'தலித்துகள்'. நாம் தெருவில் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்திய சொல், உலக நூலகங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது.

மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும். அதே பட்டியலில் ஆவணமில்லாமல் குடியேறியவர்களைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று எழுதியிருந்தார்கள். 2014இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2016இல் மாற்றுவதாக நூலகம் அறிவித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்து ஆட்களே குறுக்கே விழுந்தார்கள். கடைசியில் 2021இல் அந்தத் தலைப்பு போனது. ஒரு சொல்லுக்கு ஏழு வருஷம். நியூசிலாந்தின் மவோரி மக்கள் தங்கள் மொழியிலேயே தங்களுக்கான பொருட்தலைப்புப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று வேண்டாமா? 'பஞ்சமி நிலம்', 'இரட்டைக் குவளை', 'பறை', 'வெட்டியான் வேலை மறுப்பு' என்று நம் போராட்டத்தின் சொற்களில் தேடினால் நம் நூல்கள் கிடைக்க வேண்டாமா?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அந்த நேரத்தில் நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் நம் மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள், உள்ளே விடவில்லை. விதி சரியான விதிதான். 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டடத்துக்குள் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. 1991 நூற்றாண்டு விழாத் துண்டறிக்கைகள், சிறுபத்திரிகைகள், உண்ணாவிரத நோட்டீசு, உண்மை அறியும் குழு அறிக்கைகள். போன வாரம் திறந்தேன். அடியில் கரையான்.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், 1914இல் மறைந்தார். பாளையங்கோட்டையிலிருந்து அவர் எழுத்துகள் இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! அதுவும் எப்படிச் சாத்தியமானது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் சொந்தச் சேகரிப்பில் இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால். ஒரு பெட்டியைக் கரையான் தின்றிருந்தால் அந்தச் சிந்தனையாளர் நமக்கு இல்லை.

பயிற்சி முடிந்ததற்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுக்கவில்லை. எங்கள் நூலகத்தில் அம்பது புத்தகத்துக்கும் பதிவைத் திருத்தி எழுத ஆரம்பித்திருக்கிறேன். பத்தொன்பது முடிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டியை நான் ஒருத்தி செய்ய முடியாது. ஒரு நோட்டு போதும்: வரிசை எண், தலைப்பு, வெளியிட்டது யார், ஊர், வருஷம், நம்மிடம் எப்படி வந்தது. துரு ஏறிய பின்னைக் கழற்றணும். செல்லோடேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. செல்போனில் படம் எடுக்கலாம், ஆனால் எடுத்தாச்சு என்று காகிதத்தைத் தூக்கிப் போடக் கூடாது.

வர்ற சனிக்கிழமை மூணு மணிக்கு இங்கே இருப்பேன். வாங்க. வரும்போது பென்சில் கொண்டு வாங்க. பழைய தாளில் பேனா படக் கூடாது.