வலையை மடித்த ஊர்



ஐப்பசித் திங்களில் சிவகாசிப் பட்டாசு லாரிகளில் ஏறி நாடெங்கும் செல்லும் அதே நாள்களில், நாகாலாந்து வானில் அமூர் வல்லூறுகள் வந்திறங்குகின்றன. புறாவினும் சிறிய பறவை. எடை 150 கிராம் அளவே. சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்து, பனி தொடங்குமுன் தென்னாப்பிரிக்கா நோக்கிப் புறப்படுவது. வழியில் வோக்கா மாவட்டத்து டோயாங் நீர்த்தேக்கக் கரையில் சில வாரம் தங்கி ஈசலை உண்டு கொழுக்கிறது. அரபிக்கடலைக் கடக்க அக்கொழுப்பே கட்டுச்சோறு.

2012ஆம் ஆண்டு அங்குச் சென்ற பறவை ஆர்வலர் கண்டது வேறு காட்சி. பறவைகள் அடையும் இடமெங்கும் மீன்வலைகள் கட்டப்பட்டிருந்தன. நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை பிடிபட்டதாக அவர்கள் மதிப்பிட்டனர். படங்கள் வெளியானதும் உலகெங்கும் கண்டனம் எழுந்தது.

கொடியவர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது எளிது. பாங்டி ஊராரின் விளைநிலமோ அந்த அணைநீரில் மூழ்கிப்போயிருந்தது. உழவர் மீனவராயினர், கையில் வலை இருந்தது, ஐப்பசியில் பறவை தானே வந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவ்வருவாயில்தான் கட்டப்பட்டது. கொலையைக் கண்டிப்போர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் தகும்.

மறு ஆண்டே நிலை மாறியது. சட்டம் முன்பும் இருந்தது. அது மட்டும் மாற்றவில்லை. இதழாளர் பானோ ஹராலு முதலியோர் ஊர்தோறும் சென்று பேசினர். தேவாலயங்களிலும் பேசப்பட்டது. ஊர் மன்றங்கள் வேட்டைக்குத் தடை விதித்தன. 2013இல் ஒரு பறவையும் வலையில் வீழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளுக்கு ஐந்து கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவியைப் பூட்டி, நாகா, வோக்கா, பாங்டி எனப் பெயரிட்டு விடுத்தனர். ஏறத்தாழ ஐந்தரை நாளில் 5,600 கி.மீ. இடைநில்லாமல் பறந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்த கணக்கு அதனால் கிடைத்தது. கொன்று தின்ற ஊரின் பெயரே பறவைக்கு வாய்த்தது!

இப்போது வல்லூறு காண வருவோர் அவ்வூரில் தங்குகின்றனர். எனினும் வலை தந்த வருவாய்க்கு அது ஈடில்லை என்ற குறை அங்கு உண்டு.

வீர நிர்வாண நாளில் விளக்கேற்றுவதோடு நிற்கும் சமணக் குடும்பத்தார்க்கு வெடியைத் தவிர்ப்பது கடினமன்று. விருதுநகர் மாவட்டத்திலோ பக்கத்து வீட்டு அடுப்பு அவ்வெடியால்தான் எரிகிறது. பாங்டிக்கு நேர்ந்த அதே சிக்கல் இது. கருமருந்து தோய்ந்த கைகளை வைதுவிட்டு உயிரிரக்கம் பேசுதல் பொருந்தாது. அக்கைகளுக்கு வேறு தொழில் எது என்ற வினாவையும் உடன் கேட்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியது கொள்ளுகுடிப்பட்டி. அங்குக் கூடு கட்டும் பறவை வெருளும் என்று பல்லாண்டுகளாக எவரும் வெடி வெடிப்பதில்லை. தீபாவளிதோறும் வனத்துறையினர் அவ்வூர்க்கு இனிப்பு கொண்டுசென்று வழங்குகின்றனர்.